வாளிச் சின்னமும் இடுப்பளவுச் சுவரும்

"ஏழு வருசத்துக்கு முந்தி எங்க வாசல்ல வந்து நின்னு, நெஞ்சுல கையை வச்சுச் சத்தியம் பண்ணிட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்கா? ஊரே சாட்சியா வாக்குக் குடுத்தீங்களே, அது எங்கே போச்சு? மழையிலயும் இருட்டுலயும் பொம்பளைங்க படுற பாடு உங்க கண்ணுக்குத் தெரியலையா? கேக்குறதுக்கு ஆளில்லேன்னு நெனைச்சீங்களா?"

ஆட்டோவின் உச்சியில் கட்டியிருந்த இரண்டு குழாய் ஸ்பீக்கர்களும் சேர்ந்து கேட்டன. திருநகர் பஸ் நிறுத்தத்தில் நின்ற கூட்டம், வந்த பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டது. எல்லோர் பார்வையும் எதிர்ச் சுவருக்குப் போனது. அங்கே போஸ்டரில் பழைய எம்.பி. கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார். ஏழு வருசத்துக்கு முந்தி இடைத்தேர்தலில் முதல் தடவை ஜெயித்தவர், இப்போது மறுபடியும் நிற்கிறவர். நேற்றுவரைக்கும் அது ஓட்டுக் கேட்கிற கும்பிடு. இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிற கும்பிடு மாதிரி இருந்தது.

கேட்டவள் கீழக்குயில்குடி அன்னக்கொடி. வயது இருபத்தாறு. வாளிச் சின்னத்தில் பாராளுமன்றத்துக்கு நிற்கிற சுயேச்சை. டெல்லிக்கு எந்த பஸ் ஏறணும் என்று யாராவது கிண்டல் பண்ணினால், "ஜெயிச்சா அவங்களே கூட்டிட்டுப் போவாங்க, நீங்க கவலைப்படாதீங்க" என்பாள்.

ஆட்டோவுக்குள் குனிந்து உட்கார்ந்து, சத்தம் வராமல் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தவன் அவள் புருசன் வெள்ளைத்துரை. பேச்சு அவன் கற்றுக்கொடுத்தது. முக்கியமாக ஒன்றைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

"பேரைச் சொல்லாமத் திட்டு. பேரைச் சொன்னா கேசு போட்டுருவான். சொல்லலேன்னா குத்தமுள்ள நெஞ்சு தானா எந்திரிச்சு வந்து நிக்கும்."

வெள்ளைத்துரைக்குத் தொழில் மாட்டுத் தரகு. சின்ன வயதில் சந்தையில் சாணி அள்ளப் போனவன். முதல் பேரத்தில் ஏமாந்தான். ஏமாற்றியவன் காலடியிலேயே உட்கார்ந்து தொழில் படித்தான். அதற்கப்புறம் அவனை யாரும் ஏமாற்றியதில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். மூக்குக்கு மேல் கோபம், நாக்குக்கு மேல் பேரம். பஸ் டிக்கெட்டுக்குப் பேரம் பேசி நாகமலைப் பக்கத்தில் இறக்கிவிடப்பட்டவன். அர்ச்சனைத் தட்டுக்குப் பேரம் பேசி, படியாமல் போய், சாமி கும்பிடாமலே திரும்பியவன். சாமிக்கும் அவனுக்கும் இன்னும் பேச்சுவார்த்தை சரியில்லை.

அப்பேர்ப்பட்டவனுக்கும் முடிக்க முடியாத பேரம் ஒன்று உண்டு. அது அவன் வீட்டுக் கொல்லையில் இடுப்பளவு உயரத்துக்கு நின்றது. கக்கூஸும் குளியலறையும் சேர்த்துக் கட்ட ஆரம்பித்த அறை. கொத்தனார் கருத்தக்கண்ணன் நாலு சுவருக்குக் கூலி கேட்டான். "ஒரு சுவரு ஏற்கெனவே வீட்டுச் சுவரு. மூணுக்குத்தான் கூலி" என்றான் வெள்ளைத்துரை. "அதுக்கும் நான்தானே பூசணும்" என்றான் கொத்தனார். பூச்சு வேறு, சுவர் வேறு என்று இவன் நியாயம் பேச, கருத்தக்கண்ணன் கரண்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பின் வந்த கொத்தனார்கள் எல்லோரும் பேச்சோடு போனார்கள். சுவர் அப்படியே நின்றது. சும்மா கிடக்கிறதே என்று வெள்ளைத்துரை அதற்குள் செவலைக் காளைக்கன்றைக் கட்டினான். தற்காலிகமாகத்தான். காளைக்கு அங்கேயே பல் முளைத்துவிட்டது. அன்னக்கொடி இன்றைக்கும் விடியுமுன் சமணமலை ஓரமாகப் போய்விட்டு, வெளிச்சம் வருமுன் வீடு திரும்புகிறாள்.

இப்படி இருக்கையில்தான் தேர்தல் வந்தது. வெள்ளைத்துரைக்கு யோசனையும் வந்தது.

"நீ நில்லு" என்றான் ஒருநாள், சோற்றுத் தட்டுக்கு முன்னால்.

"எங்கே?"

"எலக்சன்ல. எம்.பி.க்கு."

"ஏன், நீங்க நிக்க வேண்டியதுதானே?"

"நான் தோத்தா வெள்ளைத்துரை தோத்துட்டான்னு சந்தையே சிரிக்கும். நீ தோத்தா, பாவம் சின்னப்புள்ளைன்னுருவாங்க."

"ஜெயிச்சுட்டா?"

வெள்ளைத்துரைக்குப் புரையேறியது. "ஜெயிக்கிறதுக்கா நிக்கிறோம்? ஒதுங்குறதுக்குத்தான் நிக்கிறோம்."

பிறகு விளக்கினான். அன்னக்கொடி பிறந்த வீட்டுக்கு மேற்கே ஊருக்கு ஊர் பங்காளிகள். அந்த ஓட்டெல்லாம் இவள் பக்கம் சாய்ந்தால் பழைய எம்.பி.க்குக் கணக்கு உதைக்கும். ஆள் அனுப்புவார். ஓட்டுச் சீட்டில் பேர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மேடையேறி 'அவருக்கே என் ஆதரவு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்கு விலையாக வாரச் சந்தையின் குத்தகையைக் கேட்கலாம். அப்புறம் சந்தைக்குள் நுழைகிற ஒவ்வொரு மாடும் வெள்ளைத்துரைக்குச் சுங்கம் கட்டிவிட்டுத்தான் கால் வைக்கணும்.

அன்னக்கொடி அவன் தட்டில் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"மைக்கு எங்கிட்டதானே இருக்கும்?"

"வேட்பாளரு நீதானே. உங்கிட்டதான்."

"அப்பச் சரி" என்றாள். சின்னம் மட்டும் தானே எடுப்பேன் என்றாள். வாளியை எடுத்தாள். எடுத்துத் தொலையட்டும் என்று விட்டுவிட்டான்.

திட்டம் இம்மியும் பிசகவில்லை. அவள் பேசப் பேச, ஊர் ஊராகப் பெண்கள் பழைய எம்.பி.யின் ஜீப்பை மறித்து, "குடுத்த வாக்கு எங்கே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எந்த வாக்கு என்று அவருக்கே தெரியவில்லை. கொடுத்தது ஒன்றா இரண்டா, ஞாபகம் வைத்துக்கொள்ள?

ஓட்டுக்கு நாலு நாள் இருக்கையில் வெள்ளைத்துரை வாசலில் கட்சி ஜீப் வந்து நின்றது. இறங்கியவன் ஒன்றியச் செயலாளர் அழகுபாண்டி. கூடவே மகளிரணித் தலைவி ராமக்காள், திருநகர்க்காரி. காலையிலிருந்து ஜீப்பிலேயே சுற்றுகிறவள். நிற்கமுடியாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். அன்னக்கொடியின் காதில் என்னவோ கேட்டாள். இரண்டு பேரும் கொல்லைப் பக்கம் போனார்கள்.

வெள்ளைத்துரை அந்த இடைவெளியை வீணாக்கவில்லை. சந்தையின் வளம், குத்தகையின் நியாயம் எல்லாம் எடுத்துச் சொன்னான். அழகுபாண்டி தலையாட்டினான். பெண்கள் திரும்பி வர வெகுநேரமானது. போகும்போது ராமக்காள் முகத்தில் கட்சி இருந்தது. வரும்போது இல்லை. உட்காருமுன் வெள்ளைத்துரையை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தாள். சந்தையில் பல் போன மாட்டைப் பார்க்கிற பார்வை.

"அந்தக் காளை உங்களுதாண்ணே?" என்றாள்.

"ஆமா. வாங்குறீங்களா?"

அவள் உட்கார்ந்தாள்.

வெள்ளைத்துரை தோளில் கிடந்த துண்டை உருவி விரித்தான். சந்தை வழக்கம் அதுதான். துண்டை மூடி, அதற்குள் விரல் பிடித்துப் பேசுவது. எத்தனை விரல் நீட்டினால் அத்தனை. கையை உதறினால் படியவில்லை. துண்டை உதறினால் பேரம் முடிந்தது, அப்பன் வந்தாலும் மாற்ற முடியாது. "கையைக் குடு மாப்ள" என்றான்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் அன்னக்கொடி. "மாடு யாருது?"

"எந்த மாடு?"

"இப்ப விலை பேசப்போறீங்களே, அது."

"என்னடி பேச்சு இது?"

"நிக்கிறது நான். மேடையில சொல்லப்போறதும் நான். நீங்க தரகு. தரகன் மாட்டுமேல ஆசைப்படக் கூடாதுன்னு சந்தையில அம்புட்டுப் பேருக்கும் பாடம் நடத்துறது நீங்கதானே?"

"நியாயந்தானேண்ணே" என்றான் அழகுபாண்டி. அவனை யாரும் கேட்கவில்லை.

துண்டுக்குள் ராமக்காள் கையை நீட்டினாள். அன்னக்கொடி பிடித்துக்கொண்டாள். விரல் பாஷை அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதுசில் வெள்ளைத்துரையே ஆசையாகச் சொல்லிக்கொடுத்தது. ஆசையில் செய்கிற காரியம் எது உருப்பட்டிருக்கிறது?

வெளியிலிருந்து பார்த்தே உள்ளே எத்தனை விரல் நீண்டிருக்கிறது என்று சொல்லிவிடக்கூடியவன் அவன். தோள் அசைவு ஒரு கணக்கு, புருவம் ஒரு கணக்கு. இங்கே ஒன்றும் பிடிபடவில்லை. ராமக்காள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்னக்கொடி அடுப்பில் வைத்த பாலை நினைத்துக்கொண்டவள் மாதிரி இருந்தாள். ஒரு தரம் கையை உதறினாள். வெள்ளைத்துரை ஓர் அடி முன்னால் வந்தான். ரொம்ப இழுக்காதேடி, அறுந்துரும் என்று கண்ணால் சொன்னான். அவள் இன்னொரு தரமும் உதறினாள். அப்புறம் ராமக்காள் சிரித்துவிட்டாள். அன்னக்கொடி துண்டை எடுத்துப் படீரென்று உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எம்புட்டுக்கு முடிச்சே?" என்றான் ஜீப் போனதும்.

"துண்டுக்குள்ள பேசுனதை வெளிய சொன்னா தொழில் விளங்காதுன்னு சொல்லுவீங்களே."

"எங்கிட்டக்கூடவா?"

"சாயங்காலம் மேடையில தெரியும். வெள்ளை வேட்டியாக் கட்டிட்டு வாங்க."

வெள்ளை வேட்டியாம். அப்படியானால் குத்தகைதான். வெள்ளைத்துரை அன்று மத்தியானமே சந்தைப் பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றினான். கூட்டுத் தரகன் முத்திருளனிடம், இனிமேல் தன் முன்னால் பீடி பிடிக்கக் கூடாது என்று சொன்னான். கைக்கு வராத சந்தையில் டீக்கடைக்கு ஒன்று, லாடம் அடிக்க ஒன்று என்று இடம்கூட ஒதுக்கிக் கொடுத்தான்.

பொழுது சாயும் நேரம். குளத்துக்கரையில் பழைய எம்.பி. கட்சியின் மேடை. அவர் வேறு ஊரில் இருந்தார். ஆனால் கூட்டம் சந்தைக் கூட்டம். முத்திருளன் இருந்தான். கொத்தனார் கருத்தக்கண்ணன் வேலை முடிந்து, கரண்டியும் கையுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைத்துரை மேடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தான். ஆலமரத்தில் குழாய் ஸ்பீக்கர். மின்கம்பத்தில் குழாய். பாறைமேல் மலையைப் பார்த்து ஒன்று, ரோட்டைப் பார்த்து ஒன்று.

"எதுக்கு மாப்ள இம்புட்டுக் குழாய்?"

"தங்கச்சி கேட்டுச்சுண்ணே" என்றான் அழகுபாண்டி. "ராமக்காள் அக்கா ரெண்டு குழாய்க்கு ரெண்டு விரல் குடுத்திருக்கு. தங்கச்சி படியவே இல்லையாம். ரெண்டு கையையும் விரிச்சப்புறம்தான் துண்டை உதறுச்சாம்."

"குழாய்க்கா பேரம் பேசுனா? அப்பக் குத்தகை?"

"குத்தகையப் பத்திப் பேச்சே வரலையேண்ணே."

வெள்ளைத்துரை அதை முழுங்குவதற்குள் மைக் கொரகொரத்தது. அன்னக்கொடி நின்றாள். தோளில் அவன் துண்டு.

"ஏழு வருசத்துக்கு முந்தி எங்க வாசல்ல வந்து நின்னு, நெஞ்சுல கையை வச்சுச் சத்தியம் பண்ணிட்டுப் போனீங்களே" என்று அதே பேச்சை ஆரம்பித்தாள். கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராமக்காள் மட்டும் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தாள்.

"இதைப் பழைய எம்.பி.யைச் சொன்னதுன்னு எல்லாரும் நெனைச்சுட்டீங்க. இந்த ஒண்ணுல அவருமேல பழி இல்லை. அவரு எங்க வாசலுக்கு வந்ததே கிடையாது." கட்சிக்காரர்கள் கை தட்டினார்கள். பாதியில், தட்டலாமா என்று சந்தேகம் வந்து நிறுத்தினார்கள். "வந்தது பொண்ணு பாக்க வந்தவரு. பொண்ணுக்கு என்ன செய்வீங்கன்னு எங்கப்பா கேட்டாரு. கொல்லையில கதவு வச்சு ஒரு ரூமு கட்டித் தாரேன், உங்க பொண்ணு ஒருநாளும் இருட்டுல வெளிய போகாதுன்னு அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொன்னாரு. அந்த ரூமுல இன்னைக்கு வரைக்கும் ஒரு காளைமாடுதான் மறைவாப் போய்ட்டு வருது."

கூட்டம் குலுங்கியது. பெண்கள் பக்கத்தில் மட்டும் சிரிப்புப் பாதியில் நின்று, வேறு மாதிரி ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவர்கள் வீட்டுக் கொல்லை அறையிலும் காளை இல்லாவிட்டால் விறகு கிடந்தது.

"பேரைச் சொல்ல மாட்டேன். பேரைச் சொல்லாமத் திட்டுனா, குத்தமுள்ள நெஞ்சு தானா எந்திரிச்சு வந்து நிக்கும்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

வெள்ளைத்துரைக்குக் கோபம் எப்போதுமே நேரம் பார்த்து வராது. அன்றைக்கு நேரம் பார்த்து வந்தது. "நிறுத்துடி" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான். அத்தனை பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றவன் அவன் ஒருவன்தான். அதுவும் வெள்ளை வேட்டியில்.

மேடை விளக்கு அவன் பக்கம் திரும்பியது.

உட்காரவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. முன்வரிசையிலிருந்து கருத்தக்கண்ணன் நிதானமாகக் கரண்டியை உயர்த்தினான்.

"அண்ணே, கூலி மூணு சுவருக்கா, நாலு சுவருக்கா?"

கடைசி வரிசையில் முத்திருளன் ஒரு பீடியைப் பற்றவைத்தான். வெள்ளைத்துரை மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன விலைக்குப் படிந்தான்.

"நாலுக்கும்."

அன்னக்கொடி தோளிலிருந்த துண்டை எடுத்தாள். உதறவில்லை. மடித்து மைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வாயால சொன்னா பேரம் முடிஞ்சதாகாது. ஏழு வருசத்துக்கு முந்தியும் வாயாலதான் சொன்னீங்க. நான் ஒதுங்கலை, ஓட்டுல நிக்கிறேன். ஜெயிச்சா எல்லா வீட்டுக் கொல்லைக்கும் டெல்லியில போய்க் கேப்பேன். தோத்தா எங்க வீட்டுக் கொல்லைக்கு மட்டும் இங்கயே கேப்பேன். எங்கிட்ட வாளி இருக்குங்க. அதைக் கொண்டுபோய் வைக்க ஒரு இடமும், உள்ள தாப்பாள் போட ஒரு கதவும்தான் இல்லை. நாளைக்குக் காலையில முதல் வேலையா அந்தக் காளையை அவுத்து வெளிய கட்டுங்க. சொன்ன சொல்லுக்கு இனியாவது கூரை போடுங்க."