போர் தண்ணீரில் கரையாத மருந்து

பார்மசி படிக்கிற பிள்ளைகள் வீட்டில் வாயை மூடிக்கொண்டிருப்பது உத்தமம். நான் மூடவில்லை.

வேலூரில் எம்.பார்ம் படித்துக்கொண்டிருந்தேன். குடல் புற்றுநோய்க்கு மஞ்சள் சத்தை வாய்வழியாகக் கொடுப்பது என் ஆய்வு. அது தண்ணீரில் கரையாது. எண்ணெயில் சேர்த்து, வயிற்றுக்குள் போனதும் கண்ணுக்கே தெரியாத நானோ துளிகளாக உடையும்படி செய்ய வேண்டும். எலிகளுக்குத்தான் கொடுக்கப் போகிறோம். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் ஆம்பூரில் எங்கள் வீட்டில் நான் அழுத்திச் சொல்லவில்லை (பீற்றிக்கொள்ளும்போது எலி எதற்கு?).

அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கே குடலில் புற்று வந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் சூப்பர்வைசர், பிடிவாதக்காரர். ஆபரேஷன் செய்து, மலம் போக வயிற்றில் பை வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், முடியாது என்றுவிட்டார்.

"என் பொண்ணே மருந்து செய்றா. எனக்கு இன்னாத்துக்கு பை?"

"அது எலிக்குப்பா."

"எலிக்குக் கேக்குறது எனக்குக் கேக்காதா? கொண்டாந்து காட்டு."

அழுதேன், கெஞ்சினேன். ஆனாலும் காட்டிவிட உள்ளுக்குள் ஓர் ஆசை (புத்தி அவ்வளவுதான்). ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், அப்பாவின் தோஸ்த் பஷீர் பாய் முன்னால் குப்பியைத் திறந்தேன்.

"ஊத்தினதும் தங்கம் மாதிரி தெளிஞ்சிடும், பாருங்க."

அம்மா டம்ளரில் தண்ணீர் வைத்தாள். ஊற்றிக் கலக்கினேன். திரிந்த பால் போல ஆனது. பிறகு மஞ்சள் எண்ணெய் மேலே வந்து படலம் கட்டியது. இன்னும் கலக்கினேன். விரல் மஞ்சளானதுதான் மிச்சம்.

"சால்னா மாதிரி இருக்குதும்மா," என்றார் பாய் மெதுவாக.

"எந்தத் தண்ணிம்மா வெச்சே?" என்று அம்மாவிடம் பாய்ந்தேன்.

"போர் தண்ணிதான். கேன் தண்ணிய இதுக்குப் போயி வீணாக்குவாங்களா?"

காலேஜில் காய்ச்சி வடித்த நீரிலேயே செய்து பழகியவள் நான். எங்கள் தெரு போர் தண்ணீரின் உப்பில் சோப்பே நுரைக்காது என்பது மறந்துபோயிருந்தது.

அப்பா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். பை என்ற வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

"எத்தினி வருஷமா எங்க ஷாப்ல இருந்து நாங்க விட்ட உப்புத் தண்ணி, பூமிக்குள்ள எறங்கி போர்ல வருது. உன் மருந்துக்கு அடங்குமா? பாய், காலைல வண்டி சொல்லிடு. ஆஸ்பத்திரிக்கே போய்ட்றேன்."

அவமானத்தில் என் தலை நிமிரவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரை மனசுக்குள் கும்பிட்டேன். அம்மா மட்டும் கேன் தண்ணீர் வைத்திருந்தால் அப்பா அதைக் குடித்துவிட்டு வீட்டிலேயே கிடந்திருப்பார்.

பையோடு சில வருஷம் இருந்தார்; நானும் அதே ஆய்வோடு பிஎச்.டி.க்குப் போயிருந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் டம்ளர் கதையைச் சொன்னார். பிறகு நோய் ஈரலுக்கு வந்தது. கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டார்: "இப்பவாச்சும் கரையுதா?"

"கரையுதுப்பா. சில எலிங்களுக்குக் கட்டிகூட சின்னதாவுது."

"குடுத்து வெச்ச எலிங்க," என்றார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் குழம்பில் எண்ணெய் மிதந்தால் அம்மா சொல்வாள்: "உங்கப்பா மருந்து ரெடி, தட்டு எடுத்துட்டு வா." சிரித்துக்கொண்டேதான் போய் உட்காருவேன். முதல் வாய்க்கு முன்னால் மட்டும் குழம்பை ஒருமுறை கலக்கிப் பார்ப்பேன்.