ரெக்கையில் காய்ந்த துண்டு

கார்ப் பந்தயத்தில் தோற்றால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் சொல்லித் தொலைத்தேன். அவரும் அதையே சொன்னார்.

டாக்டருடையது தரையோடு தரையாகப் போகும் சூப்பர் கார். என்னுடையது நாலு கதவு செடான். பார்த்தால் பரமசாது. ஆனால் காடுமேடெல்லாம் ராலிப் பந்தயம் ஓடிய பரம்பரை. மிதித்தால் சூப்பர் காரையே ஓரங்கட்டுமாம். ஒரே ஒரு தடவை மிதித்தேன். வண்டி போய்விட்டது, என் உயிர் பின்னால் நடந்து வந்தது. அதற்கப்புறம் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நடந்தே போகிறேன். கேட்டால், உடம்புக்கு நல்லதாம்.

மனைவியிடம் இது குடும்ப வண்டி என்றுதான் சொல்லியிருந்தேன். பின்னால் டிக்கி மேலிருக்கும் பெரிய ரெக்கை? துணி காயப்போட! அவளும் தினமும் அதில் கிளிப் மாட்டித் துண்டு காயப்போட்டாள். "அஞ்சே நிமிஷத்துல காஞ்சிடுதுங்க" என்று பாராட்டு வேறு.

ஞாயிறு காலை மலைப்பாதையில் பந்தயம். சனிக்கிழமை மத்தியானம் எனக்கு மூளை வேலை செய்தது. உண்மையைச் சொன்னால் அவள் தாம்தூம் என்று குதிப்பாள், போகக்கூடாது என்பாள். பழி அவளுக்கு, மீசை எனக்கு.

"ஏம்மா, நம்ம வண்டி பந்தய வண்டி."

"தெரியும்."

"நாளைக்கு டாக்டரோட பந்தயம்!"

"போயிட்டு வாங்க."

"மலைப்பாதைம்மா. ஒரு பக்கம் பள்ளம்!"

"ஸ்வெட்டர் போட்டுக்கோங்க."

"தடுக்க மாட்டியா?"

"ஆசைப்படறீங்க, நான் ஏன் குறுக்கே நிக்கணும்?"

"தாயே, நில்லு! உன் கால்ல விழறேன்."

யோசித்தாள். "சரி, நான் விடலைன்னு சொல்லிக்கோங்க. சாவியைக் குடுங்க. நாளைக்குச் சமையல் உங்களோடது."

கொடுத்தேன். அப்பாடா! அன்றைக்குத் தூங்கினேன் பாருங்கள், அப்படியொரு தூக்கம்.

காலையில் எழுந்தால் சமையல்கட்டில் ஒரு கூடை வெங்காயம். வாசலில் வண்டியைக் காணோம். எதிர்வாசலில் டாக்டர், கையில் கத்தி, கண்ணில் தண்ணீர். அவர் காரையும் காணோம்.

"என் வீட்டுக்காரி விடலை சார்" என்றேன் பெருமையாக.

"என் வீட்லயும்தான் விடலை!" என்றார் அவர், அதைவிடப் பெருமையாக.

"அப்போ வண்டிங்க எங்கே?"

தெருமுனையில் உறுமல் கேட்டது. முன்னால் என் செடான், ரெக்கையில் துண்டு படபடக்க. பின்னால் சூப்பர் காரில் டாக்டர் வீட்டம்மா.

"ஜெயிச்சாச்சு!" என்று இறங்கினாள் என் மனைவி.

"நீ எப்போம்மா பழகினே?"

"துண்டு அஞ்சு நிமிஷத்துல வெயில்லயா காஞ்சுதுன்னு நினைச்சீங்க?"

எப்படியோ, ஜெயித்தது என் வண்டி. மீசை தப்பியது என்று ஆசையாகத் தடவிக்கொண்டேன்.

"அதைத் தடவாதீங்க" என்றாள். "பந்தயத்துக்கு வராதவங்க ரெண்டு பேருமே தோத்தவங்கதான்னு நாங்க முடிவு பண்ணிட்டோம்."

போகட்டும், மீசைதானே, உயிர் இருக்கிறதே என்று நிம்மதியாகவே ரேஸரை எடுத்தேன். ஒரு பக்கம்தான் எடுத்திருப்பேன், கதவைத் தட்டினாள்.

"சீக்கிரம் வாங்க, வெங்காயம் அப்படியே கிடக்கு."