அட்டையில் இல்லாத மீசை

செக்கர் எழுந்தார். பல் விளக்கினார். தேநீர் குடித்தார். கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடி முன் நின்று, ஒரு கையில் வாக்காளர் அட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் முகவாயைத் தூக்கிச் சோதித்தார்.

தேறவில்லை.

"இந்த அட்டையோட இந்த மூஞ்சி பஸ்ஸில ஏறினா, நானே இறக்கி விட்டுடுவேன்" என்றார்.

"மூஞ்சிக்கு என்ன?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"அட்டையில மீசை இல்லை. மூஞ்சியில இருக்கு."

"அது எந்தக் காலத்துப் போட்டோ! எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

"எல்லாருக்கும் ஓட்டு இருந்துது. எனக்குத்தான் போன வருஷம் இல்லாமப் போச்சு."

அவர் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். தெருவே அவரை செக்கர் என்றுதான் கூப்பிடும். போன வருஷம் வேலை முடித்து மாலையில் வாக்குச்சாவடிக்குப் போனபோது, அதிகாரி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அவர் பெயருக்கு எதிரே யாரோ கையெழுத்துப் போட்டிருந்தான். அடுத்தவன் டிக்கெட்டில் பயணம் செய்பவர்களைப் பிடிப்பதே பிழைப்பாக இருந்தவரின் ஓட்டில், ஒருவன் ஓசியில் பயணம் போய்விட்டான். அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை. முதல் சந்தேகம் கீழ்வீட்டுக்காரர் மேல். அதற்கு மறுநாள் அந்த ஆள் சிரித்தபடி வணக்கம் சொன்னார். காரணமில்லாமல் எவன் சிரிப்பான்?

"சாயங்காலமா போங்களேன். கூட்டம் குறைஞ்சிருக்கும்" என்றாள் மனைவி.

"சாயங்காலம் போனா மறுபடியும் எவனாவது முந்திக்குவான்."

மீசையை மழித்தார். அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தேறியது.

"எப்படி?"

"அட்டையில இருக்கிறவர் மாதிரியே இருக்கீங்க" என்றாள் மனைவி. "எனக்குத்தான் பக்கத்து வீட்டு ஆளோட நிக்கிற மாதிரி இருக்கு."

அடுத்த கவலை வந்தது. அட்டையில் போட்டோவின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. பஸ் பாஸில் போட்டோவை உரித்து வேறு முகத்தை ஒட்டுகிற எத்தனை பேரை அவர் பார்த்திருக்கிறார்! வரிசையில் பின்னால் நிற்பவனுக்கு நகம் இருக்கிறதல்லவா? லேமினேட் செய்துவிட்டால் தொல்லை விட்டது. எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

"குடுங்கண்ணே" என்று கடைக்காரர் கையை நீட்டினார்.

"கையில தர மாட்டேன். நானே உள்ளே விடுறேன்."

"உறைக்குள்ள வச்சு விடணும்ணே."

"உறைக்குள்ள நீ எதை மாத்தி வைப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கடைக்காரர் தடுப்பதற்குள் செக்கர் அட்டையை வெறுமனே மெஷினுக்குள் தள்ளிவிட்டார். மெஷின் முனகியது. அட்டை மறுபக்கம் சுருண்டுகொண்டு வந்தது. முகம் இருந்த இடத்தில் கிரகணம் பிடித்திருந்தது.

கடைக்காரர் அதை நிமிர்த்திப் பார்த்தார். "பேரு நல்லாத் தெரியுதுண்ணே" என்று ஆறுதல் சொன்னார்.

வீட்டுக்கு ஓடினார். முகம் உள்ள வேறு அட்டை என்றால் அலுவலக அட்டை ஒன்றுதான். அதை எடுத்துப் பார்த்தார். பெரிய மீசை.

"காலையிலதான் வழிச்சு எறிஞ்சேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு கண் மையை எடுத்து வந்து, அவர் எதிரே உட்கார்ந்து, பொறுமையாக ஒரு மீசை வரைந்தாள்.

"மூக்கை ஆட்டாதீங்க."

"கோணலா இருந்தா சந்தேகப்படுவாங்க."

"உங்க அளவுக்கு யாரும் படமாட்டாங்க."

அவர் அசையாமல் முகத்தைக் கொடுத்தார். இந்த ஊரில் அவர் டிக்கெட் கேட்காத ஒரே ஆள் அவள்தான்.

வரிசை வெயிலில் நின்றது. கூட வந்த மனைவி, "நான் அப்புறமா போட்டுக்கிறேன்" என்று வாசல் மரத்தடியிலேயே நின்றுகொண்டாள். செக்கருக்கு முன்னால், விதி வலியது, கீழ்வீட்டுக்காரர்.

"என்ன செக்கர், மீசை பளபளன்னு இருக்கே?"

"வரிசையைப் பார்த்து நில்லுங்க."

உள்ளே அதிகாரி இரண்டு அட்டைகளையும் மேஜையில் வைத்து, அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஐயா, உங்க மீசை ஒரு பக்கமா இறங்குது."

செக்கர் அவசரமாகத் துடைத்தார். மீசை கன்னத்துக்குப் போனது.

"இந்த அட்டையில முகமே இல்லை. அந்த அட்டையில மீசை இருக்கு. உங்ககிட்ட அது காதுப் பக்கம் போய்க்கிட்டிருக்கு. நான் எதைய்யா நம்புறது?"

அவர் தினமும் மற்றவர்களிடம் கேட்கும் கேள்வி. பதில் சொல்ல எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிந்தது. வேறு வழியில்லை. அப்போதுதான் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த கீழ்வீட்டுக்காரரைப் பார்த்துக் கை கூப்பினார்.

"வணக்கம். நான் யாருன்னு இவர்கிட்ட கொஞ்சம் சொல்லுங்க."

கீழ்வீட்டுக்காரர் யோசித்தார். "எங்க மேல்வீட்டுக்காரர் எனக்கு வணக்கமே சொல்ல மாட்டாரு சார். இவர் சொல்றாரு. அதான் இடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"வீட்டு ஆள் யாராவது வந்து சாட்சி சொன்னா விடுறேன். இல்லைன்னா நகருங்க" என்றார் அதிகாரி.

செக்கர் வாசலுக்கு ஓடினார்.

"உள்ளே வா. நான்தான் நான்னு சொல்லணும்."

மனைவியின் முகம் மாறியது. "நான் எதுக்குங்க? வேற யாரையாவது கூப்பிடுங்களேன்."

"வேற யாரை நான் நம்புறது? ஒரு வருஷமாத் தூங்கலைடி. இன்னிக்கும் போச்சுன்னா, நான் செத்ததுக்குச் சமம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தாள்.

"இவர்தான் என் வீட்டுக்காரர்."

"சத்தமா சொல்லுங்கம்மா."

"இவர்தான் என் வீட்டுக்காரர்."

அதிகாரி பதிவேட்டைத் திருப்பினார். கையெழுத்துக் கட்டம் வெள்ளையாக இருந்தது. செக்கர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பக்கத்து மேஜையில் விரலில் மை வாங்கிக்கொண்டு ஓட்டும் போட்டார். மறைப்பை விட்டு வெளியே வந்தபோது, கன்னத்தில் மையோடு, நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

வெளியேறும் வழியில் மை வைக்கும் பெண்ணின் மேஜையைத் தாண்டவேண்டியிருந்தது. அவர் மை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே மனைவியிடம் சொன்னார்: "இத்தனை பேர்ல நம்பறதுக்கு நீ ஒருத்தியாவது இருக்கியே!"

"போகலாம் வாங்க" என்றாள் மனைவி.

அடுத்தவருக்கு மை வைத்து முடித்த அந்தப் பெண் நிமிர்ந்து, மனைவியின் முகத்தை அடையாளம் கண்டுகொண்டு, மலர்ந்து சிரித்தாள்.

"அக்கா, போன வருஷமும் இதே மாதிரி சாட்சி சொல்லி உள்ளே கூட்டிட்டு வந்தீங்களே, அந்த வீட்டுக்காரர் இந்தத் தடவை வரலையா?"