பத்தாயிரம் எதிர்காலம் பார்க்கும் பெட்டி

மாடி அறையில் நிற்க இடமில்லை. இருந்தாலும் ஜனம் ஏறிக்கொண்டே இருந்தது. எதிர்காலம் சும்மா கிடைக்குமா?

சமன்பாட்டுச் சாமியின் கறுப்புப் பெட்டிக்குள், ஆயிரம் கணக்கை ஒன்றாகப் போடும் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கார்டு எட்டு இருக்கிறதாம். ஓர் ஆளுக்குப் பத்தாயிரம் வகைக்கெழுச் சமன்பாடு, ஒன்றுக்கு ஓர் எதிர்காலம். அத்தனையையும் ஒரே நேரத்தில் தீர்த்து, வரப்போவதைப் புட்டுப்புட்டு வைப்பாராம். கோட்டு போட்ட சாமி வேறு. படித்தவர்கள் கவிழ்ந்து விழ இதற்கு மேல் என்ன வேண்டும்?

தம்பியோடு வந்திருந்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருத்துவமனை ஆய்வகத்தில் அவள் பார்ப்பது நிஜமாகவே அந்த வேலை. உடம்பில் மருந்து எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்று, ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு ஒரே மூச்சில் கார்டில் கணக்குப் போடுகிறவள். அவள் பேச்சைத் தம்பி கேட்டால்தானே! சாமி சரி என்றால் இன்று முதல் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடுவான். அந்தப் பயத்தில்தான் கூடவே வந்தாள்.

தம்பியின் முறை வந்தது. சுவர்த் திரையில் எண்கள் ஏறின.

"நாலாயிரம் எதிர்காலம் பாத்தாச்சு. எதுலயும் வலிப்பு இல்ல," என்றார் சாமி. "மாத்திரை வேண்டாம்னுதான் வருது. மீதியும் வரட்டும்."

அக்கா பெட்டியின் பின்பக்கம் கையை வைத்தாள்.

"என்னங்க, ஜில்லுன்னு இருக்கு? எங்க லேப்ல ரெண்டு கார்டு ஓடினாலே ரூம் கொதிக்கும். ஃபேன் சத்தத்துல பேசவே முடியாது."

"உங்களுது மட்டமான கார்டா இருக்கும்மா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அக்கா குனிந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியின் விளக்கு அணைந்தது. திரையிலோ ஐயாயிரம், ஆறாயிரம் என்று கணக்கு ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. சிரித்த வாய்கள் மூடவில்லை.

ஒருவர் சாமியின் கையிலிருந்த கைபேசியைப் பிடுங்கி, அதில் ஓடியதை நிறுத்தினார். திரையும் நின்றது. எப்போதோ எடுத்து வைத்த வீடியோ. இன்னொருவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன பல்பு. சாமி கோட்டைச் சுருட்டிக்கொண்டு படிக்கட்டைப் பார்த்தார். படிக்கட்டிலும் ஆட்கள்.

தம்பியின் முகம் செத்துவிட்டது. "அக்கா, மாத்திரை உன் பையில இருக்கா?"

கொடுத்தாள். அங்கேயே விழுங்கினான். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பக்கத்தில் ஒரு பேராசிரியர் மட்டும் கண் கலங்க நின்றார். "கரண்டே இல்லாம கணக்குப் போட்டுச்சே. எவ்வளவு சக்தி பாருங்க."

"பெட்டிக்குள்ள ஒண்ணும் இல்லன்னு திறந்து பாத்துட்டோம் சார்," என்றாள் அக்கா. "உங்க தலைக்குள்ள ஏதாவது இருக்கும்னு நம்புறேன். ஒரு தடவையாவது அதை ஓட்டிப் பாருங்க."