சார்ஜர் பாய் கத்திய கத்து

போடிநாயக்கனூரில் கோபப்படத் தெரிந்த ஆள் ஒரே ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் சும்மா சிடுசிடுப்பவர்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த அவருடைய உண்மைப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்கு அவர் சார்ஜர் பாய்.

வாடிக்கையாளரைத் திட்டியேதான் தொழில் செய்தார். "போனு ஹேங் ஆகுது பாய்" என்று ஒருவர் நீட்டினால் வாங்கிப் பார்ப்பார். "ஆகாம? உள்ள அம்புட்டும் குட்மார்னிங் படம்! இத்தன ரோசாப்பூவச் சொமந்தா மாடே படுத்துக்கிரும்யா!" திட்டு வாங்கியவர் சிரித்துக்கொண்டே போவார், அடுத்த வாரம் மைத்துனரையும் கூட்டி வருவார்.

எனக்கு அவரோடு பழக்கம் ஏலக்காயால் வந்தது. நான் அப்போது ஒரு சின்னக் கம்பெனியின் போடி ஆபீசில் இருந்தேன். ஆபீஸ் என்றால் நானும் ஒரு மேசையும். ஏலச்செடியைப் படம் பிடித்தால் என்ன நோய் என்று சொல்லும் ஆப் ஒன்றைக் கம்பெனி செய்துகொண்டிருந்தது. தன் தோட்டத்து நோய் அடுத்தவருக்குத் தெரிவதை எந்த விவசாயியும் விரும்பமாட்டார். அதனால் படம் போனை விட்டு வெளியே போகாது. விவசாயி குறித்துவைத்த படங்களைப் பார்த்து அந்தந்தப் போன் தானே பாடம் கற்கும். கற்றதை மட்டும் சென்னைக்கு அனுப்பும். அங்கே எல்லாப் பாடங்களையும் கலந்து ஒன்றாக்கி, எல்லாப் போனுக்கும் திருப்பி அனுப்புவார்கள். போன்களில் ஆப்பை ஏற்றிப் பார்த்துக்கொள்ளப் பாயைப் பிடித்தோம்.

முதல் ஜீப் பயணத்திலேயே கத்த ஆரம்பித்துவிட்டார். குரங்கணிக்கு மேலே மலைச்சரிவுகளில் இருந்த போன்கள் அப்படி. ஒன்றை ரப்பர் பேண்டு இழுத்துப் பிடித்திருக்கும், இன்னொன்றில் பாதித் திரைதான் தெரியும். பாடம் படிக்கத் தொடங்கியதும் தோசைக்கல்லாய்ச் சூடேறி அணைந்துவிடும்.

"கழுத முதுகுல லாரி லோட ஏத்துறானுக ஆத்தா! இத எழுதுனவன் இந்த மாதிரிப் போனக் கண்ணால பாத்துருக்கானா?"

நான் சென்னைக்கு மூன்று மெயில் எழுதினேன். கவனத்தில் கொள்வதாக மூன்று பதில் வந்தது.

ஆடி மழையில் ஒருநாள் பேச்சியம்மாள் கடைக்கு வந்தார். குரங்கணிக்கு மேலே சின்னத் தோட்டத்தைத் தனி ஆளாகப் பார்ப்பவர். நானும் அங்கே இருந்தேன். கறுத்து அழுகிய ஏலக்காய்களைப் பையிலிருந்து அள்ளி மேசையில் வைத்தார்.

"மொதல்ல சின்னச் சின்னப் பொட்டாத்தான் இருந்துச்சுண்ணே. சந்தேகத்துல படம் பிடிச்சேன். காய் நல்லாருக்குன்னுச்சு ஒங்க ஆப்பு. நம்பி மருந்தடிக்காம விட்டேன். தோட்டமே போச்சு."

பாய் கத்தவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. பேச்சியம்மாளின் போனை வாங்கி நோண்டினார். முந்தின மழையில் அழுகல் என்று அவர் குறித்த நாலு படம் உள்ளே இருந்தது. அந்தப் போன் கற்ற பாடம் ஒருமுறைகூடச் சென்னைக்குப் போய்ச் சேரவில்லை.

"ஒங்க இன்ஜினியரக் கூப்புடு, வெரசா."

வீடியோ காலில் வந்த இளைஞர் பொறுமையாகத்தான் விளக்கினார். "எல்லாப் போனுக்கும் காத்திருந்தா ரொம்ப நாளாகும் சார். குறிச்ச நேரத்துக்குள்ள வராத போன்களை விட்டுட்டு, வந்ததை வெச்சுக் கலந்துடுவோம்."

"விட்டுருவீகளா?" பாயின் குரலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எங்க அழுகல் வருதோ அங்கதான்யா சிக்னல் இல்ல! எங்க மழ கொட்டுதோ அங்கதான்யா கரண்டு இல்ல! மெதுவா வர்றவன விட்டா நீ விட்டது போன இல்ல, நோய!"

"சார், வந்த பாடங்களையும் படங்களோட எண்ணிக்கைய வெச்சுத்தான்..."

"அது அதவிடக் கேடு! கீழ ஒருத்தரு புதுப் போன்ல நாளைக்கு நூறு படம் எடுக்குறாரு, பூராம் நல்ல காயி. இந்தம்மாகிட்ட நாலு, நாலும் அழுகலு. எண்ணிக்க பாத்துக் கலக்குனா நாலு எங்கய்யா தெரியும்? சத்தம் போடுறவன் சொல்றதுதான் ஊர் முடிவா?"

இதை அவர் போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பஸ் நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டதாகச் சொல்வார்கள். அன்று கடையில் யாரும் சிரிக்கவில்லை. பேச்சியம்மாள் காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்ஜினியர் நல்ல பிள்ளை. பத்தாம் நாள் போடியில் வந்து இறங்கினார். பாய் அவரைச் சரிவுக்கு ஏற்றிக்கொண்டுபோய், கையில் பேச்சியம்மாள் போனைக் கொடுத்து, "இதப் படிக்க வையி" என்றார். போன் அணைந்தது. மறுபடி போட்டார். அணைந்தது. அன்று சாயங்காலம்வரை அந்தப் பிள்ளை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பிறகு எல்லாம் மாறியது. பழைய போனுக்கு அது தாங்குகிற அளவு சின்னப் பாடம். சார்ஜில் கிடக்கும்போது மட்டும் படிப்பு. சிக்னல் கிடைத்து இரண்டு நாள் கழித்து வந்த பாடத்துக்கும் இடம். எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் அபூர்வமாக வரும் நோய்க்கும் எடை. பொதுப்பாடம் ஒன்று என்றாலும், அந்தந்தச் சரிவுக்கு ஏற்ற சின்னத் திருத்தம் அந்தந்தப் போனிலேயே. அடுத்த மழையில் பேச்சியம்மாளின் முதல் பொட்டுக்கே ஆப் 'அழுகல்' என்றது. மருந்தடித்தார். பெரும்பகுதிக் காய் தப்பியது.

சென்னையில் கம்பெனி விழா எடுத்தது. களத்தின் குரலைக் காது கொடுத்துக் கேட்டதாக மேடையில் பேசினார்கள். பாய்க்கு அழைப்பில்லை. அழிந்த தோட்டத்துக்காகப் பேச்சியம்மாளிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்றே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அதற்கும் திட்டினார். "கோவம் வந்தா கத்தணும் ஆத்தா. சோலிய விட்டுப்புட்டு ஓடுறதா கோவம்?"

ஓடித்தான் வந்தேன். இப்போது வேறு ஊர், வேறு வேலை. இங்கே யாருக்கும் கத்தத் தெரியவில்லை, எனக்கும்தான். மாதம் ஒருமுறையாவது போடிக்குப் போன் போட்டு, "பாய், போனு ரொம்ப மெதுவா இருக்கு" என்பேன். அவர் ஆரம்பிப்பார். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வைப்பேன்.

போனில் ஒரு கோளாறும் இல்லை.