நின்றுபோன நீலமும் ஃபாயிஸாவின் நிக்காஹ்வும்

குன்னூர் பஜார்

மச்சான் ஜாகீருக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் ஹபீப் முகமது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கூடலூரில் நீயும் உன் பெயிண்ட் கடையும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். கடைக்குக் கொஞ்சம் குறைவாகவே செய்கிறேன்.

உன் மகள் ஃபாயிஸா, "மாமா, உங்க கடையில நிக்கிற நீலக் காருக்கு ஜோடி ஒண்ணு செஞ்சு என் நிக்காஹ்வுக்குக் குடுங்க" என்று ஆசையாகக் கேட்டாள். உள்ளங்கை அளவு பொம்மைக் கார் செய்வது எனக்குப் பெரிய வேலையா? ஆனால் அந்த நீலப் பெயிண்டைக் கம்பெனிக்காரன் நிறுத்தி எத்தனையோ வருஷமாகிறது. பழைய கலர் நம்பரைப் பார்த்து மெஷினில் கலந்ததாக நீ ஒரு டப்பா அனுப்பினாய். அடித்துப் பக்கத்தில் வைத்தேன். பழையது மயில் கழுத்து. உன்னுடையது ஆஸ்பத்திரிச் சுவர். போனில் சொன்னால், "பெயிண்ட் சரியாத்தான் இருக்கு, நீங்க கண்ணாடிய மாத்துங்க மச்சான்" என்கிறாய். அதுவும் சம்பந்தி வீட்டார் முன்னால், ஸ்பீக்கரில் போட்டு!

சரி, நானே கலக்குகிறேன் என்று உட்கார்ந்தேன், சிவப்பு ஒரு சொட்டு விட்டால் கத்தரிக்காய், மஞ்சள் விட்டால் பாசி, பழுப்பு விட்டதும் அச்சு அசலாகப் பொருந்தியது, குதித்தே விட்டேன், ஆனால் அன்று எதிர்க்கடையே தெரியாத மூடுபனி, மறுநாள் வெயில் வந்ததும் பார்த்தால் ஒன்று நீலம், ஒன்று சேறு, உன் அக்கா நஜ்முன்னிசா வேறு, "எந்த நீலமா இருந்தா என்னங்க, ஓடவா போகுது?" என்கிறாள். பக்கத்து ஸ்டுடியோ வசந்த்குமார், "ஏனுங்க பாய், பழைய காருக்கும் புது பெயிண்டையே அடிச்சுட்டா ரெண்டும் ஒண்ணாயிடுமுங்களே" என்கிறான். அவனுக்கு இனி என் கடையில் டீ கிடையாது.

ஆகவே கேட்டுக்கொள். பொருந்தாத காரைக் கொடுக்கமாட்டேன். வெறுங்கையோடும் வரமாட்டேன். நீ ஜீப் அனுப்பினாலும் வரமாட்டேன். அதே சம்பந்தி முன்னால், "மச்சான் கண்ணுதான் சரி" என்று சொல், அப்புறம் பார்க்கலாம். ஃபாயிஸாவைத் தோளில் தூக்கித் திரிந்தவன் நான். அவளை மணக்கோலத்தில் பார்க்கப் போவதில்லை என்றால் கஷ்டம்தான். இருக்கட்டும், இறங்கி வரமாட்டேன்.

பிள்ளைகளுக்கு என் சலாமும் துஆவும். உனக்கு சலாம் மட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
ஹபீப் முகமது

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உன் அக்கா சோப்புத் தண்ணீரோடு வந்து பழைய காரைத் துடைத்துவிட்டாள். வியாழன்தோறும் கடைக்குச் சாம்பிராணி போட வரும் பாவா, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற காருக்கும் வருஷக்கணக்காகப் புகை காட்டியிருக்கிறார். புகைக்கறை போனதும் அடியில் இருப்பது உன் ஆஸ்பத்திரிச் சுவரேதான். உன் டப்பாவில் மிச்சம் இருந்ததைப் புதுக் காருக்கு அடித்துக் காய வைத்திருக்கிறேன். நிக்காஹ்வுக்கு முதல் நாளே வந்துவிடுவோம். சம்பந்தி வீட்டார் கேட்டால், மச்சான் வேறு பெயிண்ட் கண்டுபிடித்துவிட்டார் என்று சொல்லிவிடு.