கண்டக்டர் ஊதிய நெடில்

புருஷனின் சட்டைக் காலரில் சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள் அவள். அழுக்கு எப்போதோ போய்விட்டது. கைதான் நிற்கவில்லை. இன்றைக்கு வகுப்பில் மகள் பாப்பா எழுந்து நின்று, பலகையைப் பார்த்துப் படிக்க வேண்டும். படிக்காவிட்டால் மறுபடியும் பொடிசுகளோடு அதே வகுப்பு. தன்னை அப்படி உட்கார வைத்த வருஷம்தான் இவளும் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டாள்.

புருஷன் பஸ் கண்டக்டர். பாப்பா 'பால்' என்பதைப் 'பல்' என்று படித்த அன்றே சபதம் எடுத்தார்.

"எழுத்தாவது கிழுத்தாவது. எல்லாம் சத்தம்தான். குறிலுக்குச் சின்ன விசில், நெடிலுக்கு நீள விசில். எப்படிப் பிச்சு உதறப் போறா பாரு."

உதறினாள். அவர் நீளமாக ஊதினால் இழுத்தாள். வெடுக்கென்று நிறுத்தினால் அவளும் நிறுத்தினாள். எழுத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அப்பா கன்னம் எவ்வளவு உப்புகிறது என்பதுதான் அவள் படித்த படிப்பு. விசில் இல்லாவிட்டால் வண்டி நகராது.

அதனால் அவர் டூட்டிக்குப் போனதும் பாப்பாவை மடியில் இருத்தி இவள் சொல்லிக் கொடுத்தாள். "பக்கத்துல கால் நிக்குதா? அப்போ இழு. தலையில சுழிச்சிருக்கா? அதுக்கும் இழு." பிள்ளை தலையாட்டியது. ஏறியதா இல்லையா, யார் கண்டது?

புருஷன் தலை சீவிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"வகுப்பு ஜன்னல் ரோட்டுப் பக்கம்தானே? மிஸ் ஒவ்வொரு வார்த்தையா தொடுவாங்க. நான் வெளியில நின்னு ஊதிடறேன்."

"மிஸ்ஸுக்குக் கேக்காதாங்க?"

"ரோட்டுல ஆயிரம் விசில் கேக்கும்."

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். பிள்ளை மாட்டினால் மானமும் போகும், வருஷமும் போகும்.

"சரி, விசிலை இப்படிக் குடுங்க. எச்சில் நாத்தம். கழுவித் தரேன்."

கழுவினாள். கழுவிய கையோடு சோப்பில் ஒரு துண்டைக் கிள்ளி உள்ளே திணித்தாள். கட்டினவரை ஏமாற்றிப் பழக்கமில்லை.

வகுப்பு வாசலில் மற்ற அம்மாக்களோடு நின்றாள். மிஸ் பலகையில் குச்சியை வைத்தார். "படம்," என்றாள் பாப்பா. குச்சி 'பாடம்' மேல் நகர்ந்தது. பாப்பா ஜன்னலைப் பார்த்தாள்.

அங்கே இரண்டு கன்னங்கள் பூசணிக்காயாக உப்பின. சத்தம் வரவில்லை. புர்ரென்று ஒரு குமிழி வந்தது. பின்னாலேயே ஒரு கூட்டம் குமிழிகள் மிதந்து உள்ளே வந்தன. மொத்த வகுப்பும் பெஞ்சு மேல் ஏறிவிட்டது.

பாப்பா அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். 'பலகையைப் பாருடி, என் தங்கமே' என்று அம்மா மனசுக்குள் கெஞ்சினாள்.

பிள்ளை திரும்பியது. உதடு அசைந்தது. "கால் நிக்குது... பா... பாடம்." அப்புறம் வீடு, கூடை, மேடை என்று ஸ்டாப்பிங்கே இல்லாமல் ஓடியது.

சாயங்காலம் புருஷன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"பார்த்தியா? சத்தமே வரல. கன்னத்தைப் பார்த்தே பிடிச்சுக்கிட்டா. மிஸ் என்ன சொன்னாங்க?"

"பாப்பா மேல் வகுப்புக்குப் போகலாம்னாங்க."

"என்னைப் பத்தி?"

"குமிழி விக்கிற ஆளை இனிமே ஜன்னல் பக்கம் விடாதேன்னு வாட்ச்மேன்கிட்ட சொன்னாங்க."

அவர் முகம் சுருங்கியது. "நான் யாருன்னு நீ சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லத்தாங்க வாயெடுத்தேன். மிஸ் பாப்பாவைத்தான் முதல்ல கேட்டாங்க, அந்த ஆளைத் தெரியுமான்னு. அவ உங்களை நல்லா ஒரு தடவை பார்த்துட்டு, 'தெரியாது மிஸ்'னு நெடிலை நல்லா இழுத்தே சொல்லிட்டா."

"அம்மா, இங்க வாயேன்," என்று உள்ளேயிருந்து பாப்பா கூப்பிட, அவள் எழுந்து உள்ளே போனாள்.